பெண்மான் வேட்டை (ஐக்கிய அமெரிக்கா)

பெண்மான் வேட்டை அல்லது கொம்பிலா மான் வேட்டை என்பது, ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் நடைபெறும் மான் வேட்டைப் பருவத்தில், கொம்புள்ள ஆண் மான்களோடு பெண் மான்களையும் ஒரு வரையறைக்குள் சுட அனுமதிக்கும் வனவிலங்கு மேலாண்மை முறையாகும். இம்முறை பெரும்பாலும் வெண்வால் மான்களுக்கே நடைமுறையில் உள்ளது. ஒரு பகுதியில் பெண் மான்களைச் சுட வேண்டுமா, சுடுவதாயின் எத்தனை என்பது அந்நாட்டின் வனவிலங்கு மேலாண்மையில் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சர்ச்சைக்குரியதாக இருந்து வரும் வினாவாகும்.

பெயர்

தமிழில் ஆண் மானைக் கலை என்றும், பெண் மானைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் கூறுவர். அமெரிக்க வேட்டைச் சட்டங்கள் பாலினத்தைக் கொண்டு மானைப் பிரிப்பதில்லை. கொம்பைக் கொண்டே பிரிக்கின்றன. தொலைவில் நிற்கும் மானின் பாலினத்தை வேட்டைக்காரரால் உறுதியாகக் கூற இயலாது என்பதே இதற்குக் காரணம். எடுத்துக்காட்டாக, பென்சில்வேனியாவில் கொம்பே இல்லாத மானும், இரு கொம்புகளும் 3 அங்குலத்திற்குக் குறைவாக உள்ள மானும் 'கொம்பிலா மான்' என்னும் வகையில் அடங்கும். எனவே இவ்வகையில் பெண் மான்களோடு அவ்வாண்டு பிறந்த ஆண் குட்டிகளும் சேர்ந்துவிடுகின்றன.

மாநில அரசுத் துறைகள் தம் அறிக்கைகளில் 'கொல்லுதல்' என்று எழுதாமல் 'அறுவடை' என்னும் சொல்லையே பெரிதும் ஆள்கின்றன. மானைப் பயிரோடு ஒப்பிடும் இச்சொல்லே விவாதத்தின் ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுகிறது எனலாம்.

உயிரியல் அடிப்படை

வெண்வால் மான்கள் வட மாநிலங்களில் பெரும்பாலும் நவம்பர் மாதத்தில் இணை சேர்கின்றன. சினைக்காலம் ஏறத்தாழ 200 நாள்கள். குட்டிகள் மே இறுதியிலும் சூன் மாதத்திலும் பிறக்கின்றன. முதல் ஈற்றில் பொதுவாக ஒரு குட்டியும், அதன்பின் நல்ல உணவு கிடைக்கும் இடங்களில் இரட்டைக் குட்டிகளும் பிறக்கும். வளமான வேளாண் பகுதிகளில், பிறந்து ஆறேழு மாதங்களே ஆன பெண் குட்டிகளில் ஒரு பகுதியும் அதே ஆண்டில் சினையாகிவிடும்.

ஓர் ஆண் மான் ஒரே பருவத்தில் பல பெண் மான்களுடன் இணை சேரவல்லது. ஆகையால் ஆண் மான்களில் பெரும்பகுதியைச் சுட்டாலும் அடுத்த ஆண்டின் பிறப்பு எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு இதை விளக்கலாம். ஓரிடத்தில் 20 கலைகளும் 40 பிணைகளும் உள்ளன என்றும், ஒரு பிணைக்குச் சராசரியாக ஒன்றரைக் குட்டி என்றும் கொள்வோம். 15 கலைகளைச் சுட்டால் எஞ்சிய 5 கலைகளே 40 பிணைகளுக்கும் போதுமானவை; ஏறத்தாழ 60 குட்டிகள் பிறக்கும். மாறாக 15 பிணைகளைச் சுட்டால் எஞ்சுபவை 25. பிறப்பவை 37 அல்லது 38. சுடப்பட்ட மான்களின் எண்ணிக்கை இரு நிலைகளிலும் ஒன்றே, விளைவு வேறு.

இக்கணக்கு எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதற்கு மிச்சிகன் மாநிலத்தின் சார்ச்சு காப்பிடம் புகழ்பெற்ற சான்றாகும். ஏறத்தாழ 460 எக்டேர் பரப்பில் வேலியிடப்பட்ட அவ்விடத்தில் 1928 ஆம் ஆண்டில் 2 ஆண்களும் 4 பெண்களுமாக 6 மான்கள் விடப்பட்டன. ஆறாண்டுகளுக்குள் நடந்த கணக்கெடுப்பில் 160 மான்கள் எண்ணப்பட்டன. மான்களைக் குறைத்துவிட்டு 1975 இல் மீண்டும் 10 மான்களிலிருந்து தொடங்கியபோது, ஐந்தாண்டுகளில் அவை 200 ஐத் தாண்டின. இக்காப்பிடத்தை ஆராய்ந்த டேல் மெக்கல்லா 1979 இல் வெளியிட்ட நூல் மான் மேலாண்மை மாணவர்களுக்கு இன்றும் அடிப்படை நூலாக உள்ளது. அடர்த்தி குறையும்போது எஞ்சிய பிணைகள் நன்கு உண்டு கூடுதல் குட்டிகளை ஈனுகின்றன என்பதும், அடர்த்தி மிகும்போது குட்டிகள் பிழைப்பது அரிதாகிறது என்பதும் இவ்வாய்வின் முக்கிய முடிவுகள். சில பிணைகளைச் சுட்ட பின்னும் அடுத்த ஆண்டு அதே அளவு மான்கள் தென்படுவதற்கு இதுவே காரணம்.

மற்றொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. பெண் குட்டிகள் வளர்ந்த பின்னும் தாயின் வாழிடத்தை ஒட்டியே தம் வாழிடத்தை அமைத்துக்கொள்கின்றன. ஆண் குட்டிகளோ ஓராண்டு அகவையில் பெரும்பாலும் வேறிடம் பெயர்கின்றன. நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைக்காடுகளில் ஆய்ந்தவர்கள் பெண் மான் குடும்பங்களின் இவ்வமைப்பை ரோசாப் பூவின் இதழடுக்கிற்கு ஒப்பிட்டனர். இதன்படி ஓரிடத்துப் பிணைகளை நீக்கினால் அவ்விடம் சில ஆண்டுகளுக்கு மான் குறைந்ததாகவே இருக்கக்கூடும். தோட்டத்தை மான்களிடமிருந்து காக்க விரும்பும் உழவருக்கு இது நற்செய்தி. அதே தோட்டத்தின் ஓரத்தில் பரண் கட்டிக் காத்திருக்கும் வேட்டைக்காரருக்கு அவ்வாறன்று.

வரலாறு

பெண் மான்களைச் சுடலாகாது என்னும் எண்ணம் மூடநம்பிக்கையாகத் தோன்றியதன்று; ஒரு காலத்தில் அதுவே சரியான கொள்கையாக இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் நடந்த கட்டுப்பாடற்ற வணிக வேட்டையாலும் காடழிப்பாலும், 1900 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவில் வெண்வால் மான்களின் எண்ணிக்கை 3 முதல் 5 இலட்சம் வரையாகக் குறைந்தது என மதிப்பிடப்படுகிறது. பல மாநிலங்களில் மானைக் காண்பதே அரிதாயிற்று. 1900 இல் நிறைவேறிய லேசி சட்டம், சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு சென்று விற்பதைத் தடை செய்தது. மாநிலங்கள் தம் பங்கிற்கு வேட்டைப் பருவத்தைச் சுருக்கின. பிற இடங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டன. கொம்புள்ள மான்களை மட்டுமே சுடலாம் என்னும் சட்டங்களை இயற்றின. பென்சில்வேனியா 1907 இலும் விஸ்கொன்சின் 1915 இலும் இத்தகைய சட்டத்தை ஏற்றன. 1937 இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரியை மாநில வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பிவிட்டது.

இம்முயற்சிகள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக வெற்றி பெற்றன. ஓநாயும் பூமாவும் ஏற்கனவே பெரும்பாலான பகுதிகளிலிருந்து ஒழிக்கப்பட்டிருந்தன. வெட்டப்பட்ட காடுகளில் முளைத்த இளஞ்செடிகள் மான்களுக்குச் சிறந்த உணவாயின. பிணைகளுக்குச் சட்டக் காவல் இருந்தது. இன்று நாட்டில் ஏறத்தாழ 3 கோடி வெண்வால் மான்கள் உள்ளன என்பது பொதுவான மதிப்பீடு. ஆனால் மான் அரிதாக இருந்த காலத்தில் தந்தையரிடமிருந்து கற்ற 'பிணையைச் சுடாதே' என்னும் பாடம், மான் பெருகிய பின்னும் மகன்களிடமும் பெயரன்களிடமும் நிலைத்துவிட்டது. அடுத்த பல பத்தாண்டுகளின் சர்ச்சைகளுக்கு இதுவே வித்தாயிற்று.

விஸ்கொன்சின், 1943

இச்சர்ச்சையின் முதல் பெரும் அத்தியாயம் விஸ்கொன்சினில் நிகழ்ந்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியரும் சூழலியல் சிந்தனையாளருமான அல்டோ லியோபோல்டு, மாநில இயற்கைப் பாதுகாப்பு ஆணையம் அமைத்த குடிமக்கள் மான் குழுவிற்குத் தலைமை தாங்கினார். பனிக்காலத்தில் மான்கள் ஒதுங்கும் வடபகுதி ஊசியிலைக் காடுகளை அக்குழு நேரில் பார்த்தது. எட்டும் உயரம் வரை தழைகள் அனைத்தும் உண்ணப்பட்டிருந்தன. குட்டிகள் பட்டினியால் இறந்து கிடந்தன. பெண் மான்களையும் சுட்டு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று லியோபோல்டு வலியுறுத்தினார்.

1943 நவம்பரில் இரு கட்டமாக வேட்டை நடந்தது. முதல் நான்கு நாள்கள் கிளைத்த கொம்புடைய ஆண் மான்களுக்கும், அடுத்த நான்கு நாள்கள் கொம்பிலா மான்களுக்கும் ஒதுக்கப்பட்டன. ஏறத்தாழ 1,28,000 மான்கள் சுடப்பட்டன. பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். அப்பருவம் '43 இன் குற்றம்' என்று பெயர் பெற்றது. 'விஸ்கொன்சினின் மான்களைக் காப்பீர்' என்னும் பொருளில் பெயரிடப்பட்ட ஒரு செய்தித்தாள் லியோபோல்டைக் கடுமையாகத் தாக்கியது. மறு ஆண்டே மாநிலம் பழைய முறைக்குத் திரும்பியது. லியோபோல்டு 1948 இல் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டில்தான் விஸ்கொன்சின் மீண்டும் கொம்பிலா மான் பருவத்தை அறிவித்தது. 1996 இல் சில பகுதிகளில், முதலில் ஒரு கொம்பிலா மானைச் சுட்டவரே கொம்புள்ள மானைச் சுடலாம் என்னும் விதி கொண்டுவரப்பட்டது. எண்ணிக்கையைக் குறைப்பதில் அது பயன் தந்தது. வேட்டைக்காரரிடையே வெறுப்பையும் தந்தது. 2011 இல் சட்டமன்றம் அவ்விதியை நீக்கியது.

பென்சில்வேனியா, 1999–2004

பென்சில்வேனியாவில் பெண் மான் வேட்டை புதியதன்று. 1928 இல் கொம்புள்ள மான்களுக்கான பருவத்தையே மூடிவிட்டுக் கொம்பிலா மான்களை மட்டும் சுட அம்மாநிலம் அனுமதித்திருந்தது. எனினும் பிற்காலத்தில் பெண் மான்களுக்கென ஒதுக்கப்பட்ட நாள்கள் மிகச் சிலவே. அவையும் ஆண் மான் பருவம் முடிந்த பின்னரே வந்தன. கொம்பிலா மான் உரிமத்திற்கான விண்ணப்பத்தை இளஞ்சிவப்பு உறையில் இட்டு மாவட்டக் கருவூல அலுவலருக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும் என்பது பல தலைமுறை வேட்டைக்காரரின் கோடைக்காலச் சடங்காக இருந்தது. 2023 இல் இணையவழி விற்பனை வந்தபோதுதான் அவ்வுறை மறைந்தது.

1999 இல் மாநில வேட்டை விலங்கு ஆணையம், கரடி ஆய்வாளராகப் புகழ்பெற்றிருந்த கேரி ஆல்ட் என்பவரை மான் மேலாண்மைப் பிரிவின் தலைவராக்கியது. அவர் ஊர் ஊராகச் சென்று, அரங்குகள் நிறைந்த கூட்டங்களில், காட்டின் அழிவைப் படங்களுடன் விளக்கினார். 2001 இல் ஆண், பெண் மான் பருவங்கள் ஒரே காலத்தில் நடத்தப்பட்டன. 2002 இல் கொம்பில் குறைந்தது மூன்று அல்லது நான்கு முனைகள் இல்லாத இள ஆண் மான்களைச் சுடுவது தடை செய்யப்பட்டது. அவ்வாண்டுப் பருவத்தில் மாநிலத்தில் 5 இலட்சத்திற்கும் மேற்பட்ட மான்கள் சுடப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கொம்பிலா மான்கள்.

அதன்பின் மலைக்காடுகளில் மான்கள் தென்படுவது குறைந்தது. நாள் முழுதும் அமர்ந்திருந்தும் ஒரு மானையும் காணாமல் திரும்பியவர்கள் ஆணையத்தின் மீது சினம் கொண்டனர். ஆணையத்திற்கு எதிராக வேட்டைக்காரர் அமைப்பொன்று நீதிமன்றம் சென்றது. ஆல்ட் 2004 இறுதியில் பதவி விலகினார். இள ஆண் மான்களைக் காக்கும் விதி பின்னாளில் பெரும்பாலானோரால் ஏற்கப்பட்டது; பெண் மான் உரிமங்களின் எண்ணிக்கை மட்டும் ஆண்டுதோறும் வாதத்திற்குரியதாகவே நீடிக்கிறது. இரு தரப்பாரும் வேறு வேறு பொருள்களை அளந்தனர் என்பதே இச்சர்ச்சையின் உள்ளடக்கம். ஆணையம் காட்டின் நிலையைப் பார்த்தது. வேட்டைக்காரர் தாம் கண்ட மான்களின் எண்ணிக்கையைப் பார்த்தனர். மான் மிகுந்த காடு நலமான காடாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஒரு குறுகிய வேட்டைப் பருவத்தில் ஒருவர் கண்ணால் கண்டு உணர்வது கடினம்.

காட்டின் மீதான தாக்கம்

வடமேற்குப் பென்சில்வேனியாவின் அலெகெனிக் காடுகளில் ஐக்கிய அமெரிக்கக் காட்டுத்துறை 1979–80 முதல் பத்தாண்டுகள் ஓர் ஆய்வை நடத்தியது. வேலியிட்ட பகுதிகளில், சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4, 8, 15, 25 என நான்கு வேறு அடர்த்திகளில் மான்கள் விடப்பட்டன. அடர்த்தி கூடக்கூட மரக்கன்றுகளின் வகைகள் குறைந்தன. மான்கள் விரும்பாத பெரணிகளும் கருஞ்செரி மரமும் மேலோங்கின. நடு உயர மரக்கிளைகளில் கூடு கட்டும் பறவைகளின் இனவகை, மிகக் குறைந்த அடர்த்திக்கும் மிகுந்த அடர்த்திக்கும் இடையே 27 விழுக்காடும், எண்ணிக்கை 37 விழுக்காடும் வீழ்ந்தன. மான் பறவையை உண்பதில்லை. பறவை கூடு கட்டும் கிளை உருவாகாமலே செய்துவிடுகிறது.

ஒருமுறை பெரணி படர்ந்து நிழலிட்ட தரையில், பின்னர் மான்களைக் குறைத்தாலும் மரக்கன்றுகள் எளிதில் முளைப்பதில்லை. எனவே குறைப்பதில் ஏற்படும் காலத்தாழ்வு பல பத்தாண்டுகளுக்குப் பாதிப்பை விட்டுச்செல்கிறது.

காட்டிற்கு வெளியே, நாட்டில் ஆண்டுக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊர்தி–மான் மோதல்கள் நிகழ்வதாகக் காப்பீட்டு நிறுவனங்கள் மதிப்பிடுகின்றன.

முடிவெடுக்கும் முறை

உரிமங்களின் எண்ணிக்கையை மாநிலத் துறைகள் மேலாண்மை வட்டாரம் வாரியாக வரையறுக்கின்றன. முந்தைய ஆண்டு வேட்டைக் கணக்கு, தாடைப் பற்களைக் கொண்டு கணிக்கப்படும் அகவை, ஒரு பிணைக்கு எத்தனை குட்டி என்னும் கணக்கு, காட்டின் மறுவளர்ச்சி, பயிர்ச் சேதம் ஆகியவை கருதப்படுகின்றன. ஆனால் உரிமம் பெற்ற வேட்டைக்காரர் அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பதைத் தம் நிலத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் வரை தழையே இல்லாமல், அளவுகோல் வைத்து வெட்டியது போன்ற மேய்ச்சல் கோடு காணப்படுமாயின் மான்கள் மிகுதி என்பது உறுதி. ஒரே அகவையுடைய மான்களின் எடை ஆண்டுக்காண்டு குறைவதும், பால் சுரக்கும் பிணைகள் குறைவதும் பிற அறிகுறிகள்.

'எங்கள் பகுதியில் ஒரு கலைக்குப் பத்துப் பிணைகள் உள்ளன' என்னும் கூற்று வேட்டைக்காரரிடையே அடிக்கடி கேட்கப்படுவதாகும். பிறக்கும் குட்டிகளில் ஏறத்தாழப் பாதி ஆண்களாக இருப்பதால், வேட்டைக்கு முன் வளர்ந்த மான்களில் இவ்விகிதம் ஒன்றுக்கு ஐந்தைத் தாண்டுவது அரிது. கலைகள் பெரும்பாலும் இரவில் நடமாடுவதே இம்மயக்கத்திற்குக் காரணம்.

பெண் மான்களைச் சுடாமல் விடுவதே சரியான இடங்களும் உள்ளன. மெயின், மிச்சிகனின் மேல் தீபகற்பம் போன்ற கடும்பனிப் பகுதிகளில் ஒரே குளிர்காலம் மான்களில் பெரும்பகுதியை அழித்துவிடக்கூடும். மெயின் மாநிலம் 1986 முதல் குலுக்கல் முறையில், வட்டாரத்திற்கு இத்தனை என வரையறுத்து இவ்வுரிமங்களை வழங்கி வருகிறது. பனி கடுமையாக இருந்த ஆண்டிற்கு அடுத்த பருவத்தில் எண்ணிக்கை குறைக்கப்படும். கடிக்கும் சிற்றீக்களால் பரவும் குருதிக்கசிவு நோய் தாக்கிய பகுதிகளிலும் இவ்வாறே செய்யப்படுகிறது. தென் கரோலினாவின் சவானா ஆற்றுப் பகுதியில் நடந்த ஆய்வுகள், புதிதாகப் பரவிய கயோட்டி என்னும் ஓநாயின விலங்கு மான் குட்டிகளில் பெரும்பங்கைக் கொல்வதைக் காட்டின. அத்தகைய இடங்களில் முன்பிருந்த அளவில் பிணைகளைச் சுடுவது மான்களைத் தேவைக்கு மேல் குறைத்துவிடும்.

பருவத்தின் எப்பகுதியில் சுடுவது என்பதும் விவாதிக்கப்படுகிறது. திசம்பரில் சுடப்படும் பிணை பெரும்பாலும் சினையாக இருக்கும் என்பதால் பலர் தயங்குகின்றனர். எண்ணிக்கைக் கணக்கில் அக்டோபரில் சுடப்பட்ட பிணைக்கும் திசம்பரில் சுடப்பட்ட பிணைக்கும் வேறுபாடு இல்லை. இரண்டுமே அடுத்த வேனிலில் ஈனப்போவதில்லை. எனினும் முன்னதாகச் சுட்டால் குளிர்கால உணவு எஞ்சிய மான்களுக்கு மிஞ்சும். தாயை இழந்த குட்டிகள் இறந்துவிடும் என்னும் அச்சமும் உண்டு. குட்டிகள் இரண்டு, மூன்று மாதங்களிலேயே தழை உண்டு அசைபோடப் பழகிவிடுவதால், இலையுதிர் காலத்தில் தாயின்றியும் பிழைக்கவல்லவை. 1992 இல் வெளியான வர்ஜீனியா ஆய்வொன்றில், தாயை இழந்த ஆண் குட்டிகள் தாயுடன் வளர்ந்தவற்றைவிடக் குறைவாகவே இடம்பெயர்ந்தன என்றும் கண்டறியப்பட்டது.

ஆண் குட்டிகளைப் பிரித்தறிதல்

கொம்பிலா மான் வேட்டையில் மிகுதியாக நிகழும் தவறு, ஆறு மாத ஆண் குட்டியைப் பிணை என எண்ணிச் சுடுவதாகும். இக்குட்டிகளின் நெற்றியில் கொம்பு தோன்றும் இடத்தில் பொத்தான் போன்ற புடைப்புகள் மட்டுமே இருக்கும். வளர்ந்த பிணையின் உடல் பக்கவாட்டில் நீள்சதுரமாகவும், குட்டியின் உடல் சதுரமாகவும் தோன்றும். பிணையின் முகமும் கழுத்தும் நீண்டவை. தனியாக வெட்டவெளிக்கு வரும் சிறு மான் பெரும்பாலும் ஆண் குட்டியே. அனுபவமுள்ள பிணை காட்டோரத்தில் நின்று நெடுநேரம் பார்த்த பின்னரே வெளிவரும். ஒப்பிட வேறு மான் அருகில் இல்லாதபோதும் ஒளி மங்கியபோதும் சுடாதிருக்குமாறு வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. தரமான மான் மேலாண்மைச் சங்கம் என்னும் பொருள்படும் பெயரில் 1988 இல் தென் கரோலினாவில் தொடங்கப்பட்ட அமைப்பு இவ்வறிவைப் பரப்புவதில் பெரும்பங்காற்றியது. அது 2020 இல் மற்றோர் அமைப்புடன் இணைந்து தேசிய மான் சங்கமாயிற்று.

எதிர்ப்பும் மாற்று வழிகளும்

விலங்குரிமை அமைப்புகள் வேட்டையையே ஏற்பதில்லை. வேட்டைக்காரரை மகிழ்விக்கவே மான்கள் பெருக்கப்பட்டன என்றும், அவற்றைக் குறைக்கவும் வேட்டையையே தீர்வாகக் கூறுவது முரண் என்றும் அவை வாதிடுகின்றன. வரலாற்றை நோக்கின் இவ்வாதத்தின் முற்பகுதியை எளிதில் மறுக்க இயலாது. மாற்றாக முன்வைக்கப்படும் கருத்தடை ஊசி நியூயார்க்கின் ஃபயர் தீவில் 1993 முதல் சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு மானையும் அணுகி ஊசி செலுத்த வேண்டியிருப்பதால், தீவு போன்ற சிறு இடங்களுக்கு அப்பால் இம்முறை பரவவில்லை. நியூயார்க் நகரின் சுடேட்டன் தீவில் 2016 முதல் ஆண் மான்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. ஏறத்தாழ எல்லா ஆண் மான்களையும் பிடிக்க முடிந்தால் மட்டுமே இது பயன் தரும்; சிலவே தப்பினாலும் முன்கூறிய கணக்கு மீண்டும் தொடங்கிவிடும்.

வேட்டைக்காரரின் எண்ணிக்கையும் குறைந்து வருகிறது. கூட்டரசின் கணக்கெடுப்புகளின்படி 2011 இல் 1 கோடியே 37 இலட்சமாக இருந்த வேட்டைக்காரர்கள் 2016 இல் ஏறத்தாழ 1 கோடியே 15 இலட்சமாயினர். ஒரு குடும்பம் ஓராண்டில் உண்ணக்கூடிய மான் இறைச்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஆகையால் கூடுதல் உரிமங்களை இலவசமாகக் கொடுத்தாலும் பலர் இரண்டாவது பிணையைச் சுடுவதில்லை. இதற்காகவே பென்சில்வேனியாவில் 1991 முதல், வேட்டைக்காரர் தரும் மானை அறுத்துப் பதப்படுத்தி ஏழைகளுக்கு உணவளிக்கும் நிலையங்களுக்கு வழங்கும் திட்டம் நடந்து வருகிறது. மான்களைக் கொல்லும் பிரியான் வகை மெலிவு நோய் விஸ்கொன்சினில் 2002 இலும் பென்சில்வேனியாவில் 2012 இலும் கண்டறியப்பட்டது. அதன்பின் நோயுள்ள வட்டாரங்களில் சுடப்படும் மான்களைச் சோதனைக்கு உட்படுத்தி, முடிவு தெரிந்த பின்னரே உண்ணுமாறு அத்துறைகள் அறிவுறுத்துகின்றன.